ஒரு தாத்தா, ஆறு ஜுசெப்பே

சிசிலித் தீவின் பழைய பதிவேடுகளைப் படித்து வம்சாவளி எழுதித் தரும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் பெயர்களின் பொருளைத்தான் கேட்பார்கள். ஜுசெப்பே என்றால் என்ன, கலோஜெரோ என்றால் என்ன என்று ஒரு நோட்டுப் புத்தகமே போடுவார்கள். சில மாதங்களில் அந்த நோட்டு மூலைக்குப் போய்விடும். இந்தப் பெயர் இவனுக்கு முன்னால் யாருடையது என்ற கேள்வி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சிசிலியில் 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின் நெடுங்காலமும், பிள்ளைக்குப் பெயர் தேடும் சிரமம் பெற்றோருக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. தலைச்சன் ஆணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அடுத்த ஆணுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். மூத்த பெண்ணுக்கு அப்பாவழிப் பாட்டி, அடுத்தவளுக்கு அம்மாவழிப் பாட்டி. இந்த நான்கு பெயரும் தீர்ந்த பிறகுதான் சித்தப்பா, அத்தை, ஊர்ப் பாதுகாவலரான புனிதர் என்று போகும். தாத்தா உயிரோடு இருப்பது தடையில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று அறிந்த நமக்கு இது புதிதாகப் படாது.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஜுசெப்பே என்று ஒரு தாத்தா. அவருக்கு ஆறு மகன்கள். ஆறு பேரும் உள்ளூரிலேயே மணமுடித்துத் தங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வீட்டிலும் மூத்த பையன் ஜுசெப்பே. குடும்பப் பெயரும் ஒன்றுதான். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுக்கும் பெயர்ப் பட்டியலில் இந்த ஆறு பேரும் ஒருவன் கீழ் ஒருவனாக நிற்பார்கள். அவர்களில் நமக்கு வேண்டியவன் ஒருவனே.

ஆறு பேரையும் பிரித்துக் காட்டுவது அம்மாவின் பெயர். இத்தாலியப் பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை விடுவதில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் அவர்களது இறப்புப் பதிவிலும் அதே பெயர்தான் இருக்கும். ஆகவே தேடும்போது தகப்பனைக் காட்டிலும் தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த துணை, பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் வரும் இரண்டெழுத்துச் சொல். ‘தி ஜுசெப்பே’ என்றிருந்தால் ஜுசெப்பேயின் மகன், தகப்பன் உயிரோடு இருக்கிறார். ‘ஃபூ ஜுசெப்பே’ என்றால் தகப்பன் காலமாகிவிட்டார். ஃபூ என்பது ‘இருந்தார்’ என்னும் இறந்தகால வினை. 1851-இல் ‘தி’ என்றும் 1854-இல் ‘ஃபூ’ என்றும் வந்தால், தகப்பனின் இறப்புப் பதிவை இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் தேடினால் போதும். மங்கிய மையில் இரண்டு சொல்லும் ஒன்றுபோலத் தெரியும் என்பதுதான் இதிலுள்ள தொல்லை.

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் வேறு. தாத்தாவின் பெயர் வைத்த குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் ஆணுக்கு அதே பெயரை மறுபடி வைப்பார்கள். பெயர் குடும்பத்துக்குச் சொந்தம். அதை ஏந்த ஒரு பிள்ளை வேண்டும். ஆகவே அதே தாய், அதே தகப்பன், அதே பெயர், இரண்டு பிறப்புப் பதிவுகள் என்று கிடைக்கும். அவசரக்காரர் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு, செத்துப்போன குழந்தைக்குக் கல்யாணம் செய்து வைத்துவிடுவார். பிறப்புப் பதிவு கிடைத்ததும் அந்த ஆண்டிலிருந்து அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான இறப்புப் பட்டியலைப் புரட்டிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பிற்காலப் பதிவென்றால் ஓரத்தில் திருமணக் குறிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இருந்தால் கவலை விட்டது.

இதே வழக்கத்தைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். அப்பாவழித் தாத்தா ஜுசெப்பே, ஆனால் நம் கையில் உள்ள மூத்த பையன் வின்சென்சோ என்றால், அவனுக்கு முன்னால் ஒரு ஜுசெப்பே பிறந்திருக்கக்கூடும். இறந்திருக்கலாம், அல்லது பக்கத்து ஊர்ப் பதிவேட்டில் இருக்கலாம். பெயர் வழக்கம் தேடுவதற்குத் திசை காட்டும். ஆனால் அதையே சான்றாக வைத்துத் தாத்தா பெயரை எழுதிவிடுவது தப்பு. நேர்ந்துகொண்டவர்களும், புனிதர் திருநாளன்று பிறந்த குழந்தைக்கு அந்தப் புனிதரின் பெயரையே வைத்தவர்களும் இருந்தார்கள்.

சிசிலியில் அரசுப் பதிவு 1820-இல் தொடங்கியது. அச்சடித்த படிவத்தில் இடது பத்தி பிறப்புக்கு, வலது பத்தி திருமுழுக்குக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு. இத்தாலி ஒன்றானபின், 1866 முதல், திருமுழுக்குப் பத்தி போய்விட்டது. இடது பத்தியில் முதலில் வரும் பெயர் நகரத் தலைவருடையது, பதிவு அலுவலர் என்ற முறையில். அடுத்து, பிறப்பைத் தெரிவிக்க வந்தவர்: பெரும்பாலும் தகப்பன், அவர் ஊரில் இல்லாவிட்டால் மருத்துவச்சி. அவர் வயது, தொழில், தெரு. பிறகு தாய். குழந்தையின் பெயர் கடைசிப் பகுதியில்தான் வரும். முதல் வாரத்தில் நகரத் தலைவரின் பெயரைக் குழந்தையின் பெயராக எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு.

திருமணப் பதிவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கும். அதனுடன் தனிக் கட்டாக இணைப்புத் தாள்கள் உண்டு. மணமக்களின் பிறப்புச் சான்று, தகப்பன் இறந்திருந்தால் அவர் இறப்புச் சான்று, தகப்பனும் இல்லாத நிலையில் சம்மதம் தர வேண்டியவர் தாத்தா என்பதால் அவரும் இறந்திருந்தால் அவர் இறப்புச் சான்று. ஒரு கட்டைப் பிரித்தால் மூன்று தலைமுறை வெளியே வரும். 1820-க்கு முன் பிறந்து, பிறப்புப் பதிவே இல்லாத ஒரு தாத்தாவின் பெற்றோர் பெயர் பலமுறை இந்தக் கட்டில்தான் கிடைக்கிறது. இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் ‘அந்தெனாத்தி’ இணையத்தளத்தில் பல மாவட்டங்களின் கட்டுகள் படங்களாக உள்ளன.

1820-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் பங்குக் கோயில் பதிவேடுகள்தான், அவை லத்தீனில். அங்கே ஜுசெப்பே ‘யோசேபுஸ்’ ஆவான், பியாஜோ ‘பிளாசியுஸ்’, ஜிரோலாமோ ‘ஹியரோனிமுஸ்’, ஜாக்கொமோ ‘யாக்கோபுஸ்’, கயெத்தானோ ‘கயெத்தானுஸ்’. லூயிஜி மட்டும் ‘அலோய்சியுஸ்’ என்று அடையாளம் தெரியாத முகத்தோடு நிற்பான். சில பங்குகளில் பெயர்ப் பட்டியல் குடும்பப் பெயர் வரிசையில் இருக்காது, சொந்தப் பெயர் வரிசையில் இருக்கும். யோசேபுஸ் மட்டும் பல பக்கம் ஓடும். எழுதியவர் இடம் மிச்சம் பிடிக்க ‘பிரான்’ என்று எழுதி மேலே சிறியதாக ‘கோ’ அல்லது ‘கா’ போட்டிருப்பார். அந்தக் கடைசி எழுத்துதான் பிரான்செஸ்கோவா பிரான்செஸ்காவா, ஆணா பெண்ணா என்று சொல்கிறது. தாத்தாவின் பெயரைப் பேத்திக்கும் வைப்பார்கள் என்பதால் ஜுசெப்பா, கலோஜெரா, வின்சென்சா எல்லாம் சாதாரணம். சால்வத்தோரேக்குப் பெண்பால் சால்வத்ரீச்சே.

அலோய்சியுஸ் தமிழர்களுக்கும் வேண்டியவர். லூயிஜி கொன்சாகா என்ற இளம் துறவி 1568-இல் மாந்துவா அருகே காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே ஊரில் பிறந்தார். நம் கோயில்களில் அவர் ஞானப்பிரகாசியார். அதே ஊரில் 1680-இல் பிறந்தவர் வீரமாமுனிவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் கொஸ்தான்சோ; நிலைகுலையாதவன் என்று பொருள். அதைத் தமிழாக்கித்தான் அவர் முதலில் தைரியநாதர் ஆனார். சிறியவர் என்னும் பவுலுஸ், இத்தாலியில் பாவோலோ, தமிழில் சின்னப்பர். கடவுளின் அருள் என்னும் யோவான், அங்கே ஜொவான்னி, இங்கே அருளப்பர். கடவுள் துணை என்னும் லாசர், லாத்சாரோ, தேவசகாயம். பொருளைப் பெயர்த்துப் பெயர் வைத்த காரியத்தைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் செய்தார்கள்; சிசிலிக்காரர் ஒலியைப் பிடித்துக்கொண்டு பொருளை மறந்துவிட்டார்கள். சவேரியார் இரண்டு இடத்திலும் ஒலியாகவே தங்கிவிட்டார், சவேரியோ என்று. பாஸ்கு மொழியில் ‘புது வீடு’ என்னும் ஓர் இடப்பெயர் அது.

பொருளை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் பெயர் எந்த மொழி என்பதில் தீவின் சரித்திரம் இருக்கிறது. கலோஜெரோ கிரேக்கம்: நல்ல முதியவர், அதாவது துறவி. அகத்தா, நல்லவள், அதுவும் கிரேக்கம். பெண்களுக்கு வைக்கும் இத்ரியா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு. வழிகாட்டும் அன்னை என்ற பொருளில் கிரேக்கர் மாதாவை அழைத்த ‘ஹோதிகித்ரியா’ தலையும் உடலும் தேய்ந்து இத்ரியா ஆனாள். ருஜ்ஜெரோ, குல்யெல்மோ ஜெர்மானியப் பெயர்கள். 1061-இல் தீவுக்குள் நுழைந்த நார்மன்கள் கொண்டுவந்தவை. அவர்களுக்கு முன் இரண்டு நூற்றாண்டு அரபு ஆட்சி இருந்தும், சொந்தப் பெயர்களில் அரபு அநேகமாக இல்லை. திருமுழுக்குத் தொட்டியில் அவை கரைந்துபோயின. குடும்பப் பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: மொராபித்தோ, கான்ஜேமி போல.

வேலைக்கு உடனே உதவுவது ஊர்ப் பாதுகாவலர்களின் பெயர்கள்தான். எந்த ஊரென்று தெரியாமல் பெயர் மட்டும் கையில் இருக்கும்போது இவைதான் வரைபடம். ஜெர்லாந்தோ என்றால் அக்ரிஜெந்தோ பக்கம் பார்க்கலாம். அக்கூர்சியோ என்றால் ஷாக்கா. அல்ஃபியோ, எத்னா எரிமலையின் கிழக்குச் சரிவு. லெத்தேரியோ என்றால் மெஸ்ஸீனா. அங்கே மாதா எழுதியதாக நம்பப்படும் கடிதத்தின் பெயரால் வந்தது அது. கொர்ராதோ நோத்தோ நகரம், கான்தோல்ஃபோ மலைமேல் உள்ள பொலித்சி ஜெனெரோசா, லெயோலூக்கா கொர்லெயோனே. ரொசாலியா 1624 கொள்ளைநோய்க்குப் பின் பலேர்மோவின் பாதுகாவலியானவள், ஆனால் அவள் பெயர் தீவு முழுக்கப் பரவிவிட்டதால் ஊரைக் காட்டப் பயன்படாது. ஜுசெப்பே, சால்வத்தோரே, மரியா ஆகியவற்றுக்கும் இதே கதி.

செல்லப்பெயர்கள் தனி நோய். வீட்டில் சொன்னதைத்தான் பேரப்பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பார்கள். பதிவேட்டில் அது இருக்காது. தானு என்றால் கயெத்தானோ, சிக்கு என்றால் பிரான்செஸ்கோ, மேலு என்றால் கார்மெலோ, பெப்பி என்றால் ஜுசெப்பே. நினு பெரும்பாலும் அந்தோனினோ. அந்தோனியோ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். தோத்தோ பலேர்மோவில் சால்வத்தோரே. 1990 உலகக் கோப்பையில் ஆறு கோல் அடித்த ஸ்கிலாச்சி அப்படித்தான் தோத்தோ. நேப்பிள்ஸில் அதுவே அந்தோனியோ. சால்வத்தோரேக்கு இன்னொரு சுருக்கம் தூரி, அதன் செல்லம் தூரிட்டு. அந்தக் கடைசி ஒலி நாக்கை மடக்கிச் சொல்லும் நம்முடைய ‘ட’ இனம்தான். வட இத்தாலியர் அங்கே தடுமாறுவார்கள், தமிழருக்குத் தானாக வரும்.

கடல் கடந்தபின் பெயர் இன்னொரு முறை மாறியது. குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் அமெரிக்க குமாஸ்தா பெயரை மாற்றினார் என்ற கதையை வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் கொண்டுவருவார்கள். பயணிகள் பட்டியல் எழுதப்பட்டது பலேர்மோவிலும் நேப்பிள்ஸிலும், கப்பல் ஏறும்போதே. எல்லிஸ் தீவில் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றியது பின்னால் வந்த தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் அக்கம்பக்கமும், பல நேரம் குடியேறியவரே. பிசாக்வீனோவில் 1897-இல் பிறந்த பிரான்செஸ்கோ ரொசாரியோ காப்ரா ஹாலிவுட்டில் இயக்குநர் பிராங்க் காப்ரா ஆனதாவது நேர்வழி. சார்லஸ் என்று ஒரு சிசிலிக்காரர் கிடைத்தால் அவர் கலோஜெரோவாகவோ கார்மெலோவாகவோ இருக்கலாம், பாஸ்குவாலேயாகக்கூட இருக்கலாம். வின்சென்சோ ஜேம்ஸ் ஆவார், கயெத்தானோ தாமஸ் ஆவார், கொன்செத்தா கான்னி ஆவாள். கப்பல் பட்டியலில் மனைவி பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு இருப்பாள், பிள்ளைகள் தகப்பன் பெயரோடு இருப்பார்கள் என்பதை மறந்தால் ஒரே குடும்பத்தை இரண்டாக எண்ணிவிடுவோம்.

முன்னோர் வழியாக இத்தாலியக் குடியுரிமை கேட்கும் கோப்புகளில் இது விளையாட்டு இல்லை. பிறப்புச் சான்றில் கலோஜெரோ, அமெரிக்கக் குடியுரிமைத் தாளில் சார்லஸ் என்றால் இருவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டும். அப்போது பெயரைப் பிடித்துத் தொங்காமல், பிறந்த நாள், பெற்றோர் இருவர் பெயர், ஊர் ஆகியவை எல்லாத் தாளிலும் ஒத்துப்போவதை வரிசையாக அடுக்கிக் காட்டுவதே வழி. சார்லஸுக்கும் கலோஜெரோவுக்கும் நடுவே ‘கார்லோ’ என்று ஒரு தாள் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இத்தாலியில் இன்றைய பதிவாளர்கள் வேலை செய்வது 2000-ஆம் ஆண்டின் 396-ஆம் எண் ஆணையின்படி. ஒரு குழந்தைக்கு மூன்று பெயருக்கு மேல் கூடாது. கேலிக்கு இடமான பெயர் கூடாது. ஆண்பெயராகவே இருந்துவந்த அந்த்ரேயாவைப் பெண்ணுக்கும் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் அனுமதித்தது. உயிரோடு இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயரை வைக்க முடியாது. உயிரோடு இருக்கும் தகப்பனின் பெயரையும் வைக்க முடியாது. தாத்தாவின் பெயருக்குத் தடை எதுவும் அதில் எழுதப்படவில்லை.