போர் தண்ணி தின்ன மூடி

பள்ளிகொண்டாவுக்கு மேற்கே, பாலாற்றங்கரை ஓரம் எங்கள் நிலம். கொட்டாயில் நிற்பது 1986 மாடல் சிவப்பு மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். மூணு சிலிண்டர், 35 குதிரைத்திறன். நைனா அதை 'வண்டி' என்று சொல்லமாட்டார், 'அவன்' என்றுதான் சொல்வார்.

போன ஆடியில் நடவுக்கு வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அரை மணிக்கு ஒருமுறை சூட்டைக் காட்டும் கேஜ் முள் சிவப்பைத் தொடும். நிறுத்தி, ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணி ஒரு சாண் இறங்கியிருக்கும். ஊற்றுவோம், ஓட்டுவோம், மறுபடி இறங்கும். ஒரு பட்டறையில் 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்று சொல்லி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, அதற்குக் கீழே இருக்கும் அந்தத் தகட்டை மாற்றினார்கள். எட்டாயிரம் செலவு. தண்ணி குறைவது மட்டும் நிற்கவில்லை.

அதற்கு முன்னாலேயே நான் ஆயில் குச்சியை உருவிப் பார்த்திருக்கவேண்டும். கேஸ்கெட் போய்த் தண்ணி ஆயிலில் கலந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுக்கும். சிலிண்டருக்குள் இறங்கினால் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இரண்டுமே இல்லை. அப்படியென்றால் தண்ணி வெளியேதான் போகிறது. எஞ்சினை டீசல் ஊற்றித் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, மறுநாள் ஓட்டிப் பார்த்தேன். எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில், கை பாதிதான் நுழையும் சந்தில், ஒரு வட்டத்துக்குக் கீழே செம்மண் கரைத்த மாதிரி ஒரு கோடு. சூடான இரும்பில் படும் தண்ணி உடனே ஆவியாகிவிடுவதால் கீழே சொட்டவே இல்லை. இத்தனை நாள் ஏமாந்தது அதனால்தான்.

அந்த வட்டம்தான் வாட்டர் மூடி. கடையில் வெல்ச் பிளக் என்று கேட்கவேண்டும். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே தண்ணி ஓட வழி வேண்டும் என்று மணலில் உருவம் பிடித்து வைப்பார்கள். வார்த்த பிறகு அந்த மணலை வெளியே எடுக்கும் ஓட்டைகளைத் தகரக் கிண்ணம் போன்ற மூடிகளால் அடைத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு உறைபனி மூடி என்றும் ஒரு பெயர் உண்டு. வேலூர் வெயிலில் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்புதான் வரும்.

எங்கள் மூடியைத் தின்றது தண்ணி. எங்கள் போர் தண்ணியில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். இந்த ஆற்றங்கரைக்குத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஒரு பழைய கதை. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த கதை. அந்தத் தண்ணியைத்தான் குடம் குடமாக ரேடியேட்டரில் ஊற்றிவந்தோம், அதற்கென்றே கடையில் விற்கும் கூலன்ட் திரவம் ஒரு சொட்டு இல்லாமல். தடிமனான பிளாக் தாங்கும். மெல்லிய தகரம் எத்தனை நாள் தாங்கும்?

தெருவில் ஓய்வாக இருக்கும் பழைய மெக்கானிக் பாயைக் கூப்பிட்டேன். முழங்கால் வலி; கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வாயால்தான் வேலை செய்வேன் என்றார். நான் முதலில் காட்டியது, இரண்டு உருண்டைகளைப் பிசைந்து மேலே அப்பும் பசையை. 'அத்த தூக்கிப் போடு தம்பி. துருமேல பூசினா துருவோட பேந்து வந்துடும்.'

ரேடியேட்டர் திருகைத் திறந்து தண்ணியை இறக்கினேன். பிளாக்குக்கும் தனியாக ஒரு திருகு உண்டு. அதைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தபிறகு காபி டிகாஷன் மாதிரி வந்தது.

பழைய மூடியை நடுவில் குத்தி எடுக்கலாம் என்று நினைத்தேன். பாய் கத்தினார். உள்ளே சற்றுத் தள்ளி சிலிண்டர் சுவர் இருக்கிறது. உளி நழுவினால் செலவு வேறு கணக்கு. ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லத் தட்டினால் எதிர் ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டு திரும்பும். கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். அப்பளம் மாதிரி கையோடு நொறுங்கியது. உடைந்த துண்டு ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. காந்தத்தைக் குச்சியில் கட்டி அரை மணி நேரம் துழாவி எடுத்தேன். அதை விட்டுவைத்தால் ஒருநாள் தண்ணி வழியை அடைக்கும். கூடவே, வளைத்த கரண்டிக் காம்பால் வழித்ததில் ஒரு டம்ளர் அளவுக்குத் துருச்சேறு.

ஓட்டையின் உள்விளிம்புதான் எல்லாமே. எமரித் தாளை விரலில் சுற்றி, பழைய பசையும் துருவும் போய் வெள்ளி மாதிரி மின்னும்வரை வட்டமாகத் தேய்க்கவேண்டும். நேர்க்கோட்டில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே தண்ணிக்கு வாய்க்கால். வெர்னியரில் விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு வேலூர் போய்ப் பித்தளை மூடி வாங்கினேன். பித்தளை துருப்பிடிக்காது. ஒன்று போனால் மற்றதும் கிளம்பும் என்று பாய் சொன்னதால் கைக்கு எட்டும் மூன்றையும் மாற்ற முடிவு. ஒன்று உபரியாகவும் வாங்கியிருந்தேன், நல்லவேளை.

முதல் மூடியில் கசிவை அடைக்கும் அனபாண்ட் பசையை வெண்ணெய் மாதிரி அள்ளிப் பூசி, சுத்தியால் நேராக அடித்தேன். ஒரு பக்கம் முன்னே போய்விட்டது. நேராக்க மறுபக்கம் அடிக்க, விளிம்பு நெளிந்து மூடி கோணல் தட்டானது.

'இன்னா தம்பி, மேளமா அடிக்கிற?'

அடுத்ததற்கு விளிம்பில் மெல்லிசாக ஒரு பூச்சு மட்டும். மூடியின் கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்காரும் ஸ்பேனர் சாக்கெட் ஒன்றைத் தேடி வைத்து, அதன்மேல் சின்னச் சின்னதாகத் தட்டினேன். இரண்டு தட்டுக்கு ஒருமுறை விரலால் சுற்றித் தடவி நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். போகப் போக சத்தம் மாறும்: முதலில் 'டக் டக்', சரியாக இறுகியதும் 'டிங்' என்று பிளாக்கே பேசும். விளிம்பு பிளாக்கின் முகத்துக்குச் சற்று உள்ளே போனதும் நிறுத்தினேன். மீதி இரண்டும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

ராத்திரி முழுக்கப் பசை இறுகவிட்டு, காலையில் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. அப்படிக் கலந்தால் 107 டிகிரி வரை கொதிக்காது. அதைவிட, அதில் உள்ள துருத்தடுப்பு மருந்துதான் எனக்கு முக்கியம். கீழே சிந்தியதை உடனே மண் போட்டு மூடினேன். இனிப்பாக இருக்கும், நாயோ கன்றோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். சூடேறியதும் தண்ணிக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே நின்ற காற்று குமிழியாக வெளியேறி மட்டம் இறங்கியது, மறுபடி நிரப்பினேன்.

மூணு ஏக்கர் ஓட்டி வந்தபிறகு வெள்ளைத் துணியால் மூடிகளின் அடியில் துடைத்துப் பார்த்தேன். தூசிதான் வந்தது. கொட்டாய் ஓரம் எப்போதும் இருக்கும் போர் தண்ணிக் குடத்தை எடுத்து முருங்கைக்கு ஊற்றிவிட்டேன். மறுநாள் பார்த்தால் நைனா அதை நிரப்பி அதே இடத்தில் வைத்திருந்தார். ரேடியேட்டர் மூடிமேல் இப்போது ஒரு துணி கட்டி முடிச்சுப் போட்டிருக்கிறேன்.