அமிர்தசரஸில் கடைந்த சோவியத் காய்கள்

1935 மாஸ்கோ சதுரங்கப் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட போட்வினிக், ஃப்ளோர் இருவரின் பெயரால் அறியப்படும் மரச் சதுரங்கக் காய்களின் மறுபடைப்பை வாங்குவதற்காக, மூன்று வாரங்களாகக் கடைக்காரர்கள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தகைய காய்கள் பலவும் நம் அமிர்தசரஸில்தான் கடையப்படுகின்றன என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

முதலில் குதிரையைத்தான் பார்க்கிறேன். மற்றவை கடைசலிலேயே உருவாகிவிட, குதிரையின் தலையை மட்டும் கையால் செதுக்கியாக வேண்டும் என்பதால், செய்தவரின் பொறுமையும் அவசரமும் அதன் தாடையிலும் காதிலும் அப்படியே தெரிந்துவிடுகின்றன. சோவியத் குதிரைக்கு அழகே எளிமைதான். பிடரி மயிரை இழை இழையாகச் செதுக்கியிருந்தால் நான் வாங்குவதில்லை.

பழைய காய்களில் பல எடை குறைந்தவை. மறுபடைப்புகளிலோ அடியில் கனம் வைத்துக் கம்பளித் துணி ஒட்டுகிறார்கள். விளையாடுவதற்கு எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ராஜாவின் உயரத்தோடு அடிவிட்டத்தையும் கேட்டிருக்கிறேன், என் பலகையின் 55 மில்லிமீட்டர் கட்டத்துக்கு அது பொருந்த வேண்டுமே.