வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை

ஜூலை 5, 2024, வெள்ளி

எட்டாம் வகுப்பில் இன்று 31 பேர் வந்திருந்தார்கள். ஒளியியல் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மிச்சமிருந்த அரை மணி நேரத்தில், வெகுநாளாக மனத்தில் இருந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். "கொடுமுடி என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது?"

மகுடேசுவரர் கோயில் என்றார்கள். காவிரி என்றார்கள். பரிகாரம் செய்ய வெளியூரிலிருந்து வரும் கார்கள் என்றான் ஒருவன். கே.பி.சுந்தராம்பாள் என்று ஒரு குரலும் எழவில்லை. பெயரைச் சொன்ன பிறகும் முகங்களில் மாற்றமில்லை. அந்த 'கே' நம் கொடுமுடிதான், 'பி' அவருடைய தாயார் பாலாம்பாள் என்றபோது இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய ஊரில் 1908இல் பிறந்தவர். தமிழ்நாடே கேட்டு உருகிய குரல்.

கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்து, அவருடைய பழைய இசைத்தட்டுப் பதிவு ஒன்றைப் போட்டேன். பத்து விநாடிகூட ஆகவில்லை, சிரிப்பு தொடங்கிவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "ஏன் சார் இந்த அம்மா இப்படிக் கத்துகிறார்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. பாட்டை நிறுத்திவிட்டு வீட்டுப் பாடம் கொடுத்தேன்.

இரவு சாப்பிட்டபின் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். அவன் கேலி செய்யவில்லை. நேர்மையாகத்தான் கேட்டிருக்கிறான். அது ஒலியைப் பற்றிய கேள்வி. நான் அறிவியல் ஆசிரியர். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஜூலை 12, வெள்ளி

எல்லோரையும் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துப் போனேன். கொடிக்கம்பத்திலிருந்து பின்சுவர் வரை என் காலடியில் 85 அடிகள். காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் பெண்ணைக் கம்பத்தடியில் நிறுத்தினேன். மற்றவர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சொல் தெளிவாகக் காதில் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும், ஓசை மட்டும் கேட்டால் தூக்கக் கூடாது.

முதலில் பேசும் குரலை ஒட்டிய தாழ்ந்த சுருதியில் பாடினாள். எழுந்தவை மூன்று கைகள். பிறகு அதே வரியை, தொண்டை எட்டுகிற அளவுக்கு மேலே ஏற்றிப் பாடினாள். நடுவில் சாலையில் ஒரு லாரி போனது. அதையும் மீறி, எண்ணிப் பார்த்தால் 19 கைகள்.

திடலிலேயே உட்காரவைத்து விளக்கினேன். சுந்தராம்பாள் பாடத் தொடங்கிய காலத்து நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி கிடையாது. கீற்றுக் கொட்டகை, பெட்ரோமாக்ஸ் விளக்கு, பக்கத்தில் ஓர் ஆர்மோனியம், எதிரே ஆயிரக்கணக்கில் ஆட்கள். தரை டிக்கெட் வாங்கிக் கடைசியில் உட்கார்ந்திருப்பவனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான். அவன் காதுக்குச் சொல் போய்ச் சேர வேண்டும். நம் காது தாழ்ந்த ஒலிகளைவிட 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். குரலை உச்சத்தில் ஏற்றி, அழுத்தித் திறந்து பாடும்போது அந்தப் பகுதியில் வலு கூடுகிறது. அதனால்தான் எஸ்.ஜி.கிட்டப்பா போன்ற ஆண் நடிகர்களும் பெண்களுக்குரிய சுருதிக்கு ஏறிப் பாடினார்கள். அப்படிப் பாட முடியாதவருக்கு மேடையில் இடமில்லை.

"அப்படியானால் அந்த அம்மாவே மைக்கா சார்?" என்றான் போன வாரம் கேட்ட அதே பையன்.

ஆமாம் என்றேன். இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஜூலை 19, வெள்ளி

ஈரோட்டில் ஒரு பெரியவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தம் தந்தையார் காலத்துக் கிராமபோனையும் நான்கு தட்டுகளையும் நம்பிக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன்.

மூடியைத் திறந்ததும் வந்த முதல் கேள்வி, "இதற்கு பிளக் எங்கே?" பிளக் இல்லை. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே வில் முறுகும், அது தளரும் விசையில் தட்டு சுழலும். ஊசி எஃகு ஊசி. ஒரு பக்கம் பாடி முடிந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும், தேய்ந்த ஊசி தட்டை அரித்துவிடும்.

ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கைக்குக் கை மாற்றினேன். "கனமாக இருக்கிறதே" என்றார்கள். அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது. வளையலுக்கும் தபால் உறைகளுக்கு முத்திரையிடவும் பயன்பட்ட அதே அரக்கு, மரக்கிளையில் ஒரு சிறு பூச்சி சுரப்பது. கீழே விழுந்தால் பீங்கான்போலச் சிதறும். அதைக் கேட்டபின், வாங்குகிற ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கினார்கள்.

நான் போட்டது கிட்டப்பா பாடிய வள்ளலார் விருத்தம். ஓரத்தில் மயிரிழை விரிசல் உள்ள தட்டு, எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டிக்' என்றது. அந்தச் சத்தத்தை மன்னித்துக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதல் பெஞ்சுப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்து விநாடிக்குப் பத்தொன்பது என்றாள். பக்கத்தில் இருந்தவன் இருபது என்றான். நிமிடத்துக்கு எவ்வளவு என்று பெருக்கச் சொன்னேன். ஒருவர் கணக்கில் 76, இன்னொருவர் கணக்கில் 80. தட்டின் வேகம் நிமிடத்துக்கு 78 சுற்று என்று சொன்னதும் வகுப்பே கைதட்டியது. நூறு வயதை நெருங்கும் தட்டில் விழுந்த விரிசல் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். மேடையில் விடிய விடியப் பாடியவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் தங்கள் வித்தையை மடித்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு பையன் "தாளமே காணோமே" என்று கேட்டான். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, சொல்லும் ராகமும் இழுத்துக்கொண்டு போகிற இடத்துக்குக் குரல் போகும் என்றேன். பாதிப் பாட்டில் வில் தளர்ந்து, கிட்டப்பாவின் குரல் இறங்கி இறங்கித் தேய்ந்தது. "பாட்டுக்குக் களைத்துவிட்டது!" என்று கத்திக்கொண்டே ஒருவன் ஓடிவந்து கைப்பிடியைச் சுற்றினான். குரல் மறுபடி ஏறி நின்றது. வேகத்துக்கும் சுருதிக்கும் உள்ள உறவை இனி அவனுக்கு நான் நடத்த வேண்டியதில்லை.

மணி அடித்தும் யாரும் எழவில்லை. கிட்டப்பா என்ன ஆனார் என்று கேட்டார்கள். 1933இல், 27 வயதில் இறந்துவிட்டார் என்றேன். வள்ளி திருமணம் நாடகத்தில் அவரோடு ஜோடியாக நடித்து, அவரையே மணந்த சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அதன்பின் கடைசிவரை வெள்ளைப் புடவைதான். வகுப்பு அமைதியாகிவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

இன்று சரியில்லை. தமிழிசை இயக்கம், தமிழிசைச் சங்கம் என்று ஆண்டு வாரியாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். மதிய வெயில் வேறு. பாதிப் பேர் தூங்கினார்கள். தப்பு என்னுடையது. கேட்காத பாட்டின் வரலாற்றை யார் கேட்பார்கள்?

ஒன்று மட்டும் எழுதி வைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் ஒரு பாட்டுக் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் நான்கு பேர், நான்கும் சினிமாப் பாட்டு. முதல் பெஞ்சுப் பெண், "எங்கள் ஆத்தாவுக்குப் பாட்டே தெரியாதாம் சார்" என்றாள். களை எடுக்கும்போது ஒன்றும் பாட மாட்டார்களா என்று கேட்டேன். "அது பாடுவார்கள். ஆனால் அது பாட்டு இல்லையாம், வேலையாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லே கூட வந்தது. நான்கூட இத்தனை நாளாகப் பழைய பாட்டு என்றால் தட்டில் ஏறியது மட்டும்தான் என்று நினைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப்பெருக்கு

செவ்வாய்க்கிழமை மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. இன்று கொடுமுடியில் காவிரி கரை கொள்ளாமல் போகிறது, செந்நிறத் தண்ணீர், படிகள் கண்ணில் படவில்லை. கரையைவிட்டுத் தள்ளித்தான் நின்றோம். ஒரு மூலையில் பெண்கள் முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மியடித்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் வட்டத்துக்குள் இருந்தார்கள்! கை விரிவது, குவிவது, குனிந்து நிமிர்வது எல்லாம் பிசகில்லாமல் வந்தது. வகுப்பில் கேட்டபோது பழைய பாட்டு எதுவும் தெரியாது என்று சொன்ன பிள்ளைகள் இவர்கள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார்கள். ஆனால் வட்டத்தைவிட்டு வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கடைசி பெஞ்சுப் பையன் தன் அப்பாருவை, அதாவது தாத்தாவை, அழைத்து வந்தான். எண்பதைத் தாண்டியவர், தோளில் துண்டு, கையில் ஊன்றுகோல். பம்புசெட்டு வருவதற்கு முன்னால் கவலை ஓட்டியவர். கவலை என்றால் துன்பம் என்று மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்குப் பலகையில் படம் வரைந்து காட்டினேன். கிணறு, தண்ணீர் அள்ளும் சால், அதைக் கட்டிய வடம், சரிவாக இறங்கும் வாரி, இரண்டு எருதுகள். எருதுகள் வாரியில் இறங்கும்போது சால் நிறைந்த தண்ணீர் மேலே வரும், பின்வாங்கி ஏறும்போது வெறும் சால் கிணற்றுக்குள் போகும்.

நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடச் சொன்னோம். தொண்டையைச் செருமினார். இரண்டு சொல் வந்தது, நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றது. "மறந்துபோச்சு சாமி" என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. நாமாக ஒரு முதியவரைக் கூட்டி வந்து சங்கடப்படுத்திவிட்டோமே என்று தவித்தேன்.

பேரன் எழுந்து வெளியே ஓடினான். விளையாட்டு அறையிலிருந்து கயிறு இழுக்கும் போட்டிக்கான வடத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். "அப்பாரு, வெளியே வாருங்கள்."

திடலில் சமையலறைக்குப் பக்கம் நிலம் கொஞ்சம் சரிவாக இருக்கும். இரண்டு பையன்கள் எருதுகளாக முன்னால் நின்று வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். மறுமுனையை நான்கு பேர் பிடித்தார்கள். பெரியவர் ஊன்றுகோலைக் கீழே வைத்தார். கயிற்றை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அதன்மேல் மெல்லச் சாய்ந்து, அந்தக் காலத்தில் வடத்தின்மேல் உட்கார்ந்து இறங்கியதுபோலவே தம் பாரத்தை அதில் இறக்கினார். பையன்கள் நடந்தார்கள். குரல் வந்தது.

நான் எதிர்பார்த்த கிழட்டுக் குரல் அல்ல அது. நீளமாக, மேலே, வானத்தைப் பார்த்துப் போன குரல். சரிவு முடிகிற இடத்தில் சரியாக இழுப்பும் முடிந்தது, தண்ணீர் வாய்க்காலில் கொட்டும் இடம் அது. பின்வாங்கி ஏறும்போது பாட்டு இல்லை, எருதுகளோடு பேச்சுதான். "ஹோ... ஹோ... வா ராசா." அடுத்த இறக்கத்தில் அடுத்த அடி, அதில் எத்தனையாவது சால் என்கிற கணக்கும் சேர்ந்தே வந்தது. ஏழு சால் இறைத்தார். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் பெண் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், இவரும் உச்சத்தில்தான் பாடுகிறார். பக்கத்துக் காட்டில் கவலை ஓட்டுகிறவருக்குக் கேட்க வேண்டும் அல்லவா?"

பெரியவர் காதில் அது விழுந்துவிட்டது. விடியற்காலை இருட்டில் தம் குரலுக்கு மேற்குக் காட்டிலிருந்து பதில் பாட்டு வரும் என்றார். அந்தக் காட்டுக்காரர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேரன் ஊன்றுகோலை எடுத்துக் கையில் கொடுத்தான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

முதல் நாள் போட்ட அதே சுந்தராம்பாள் பாட்டை இன்று மறுபடி போட்டேன். முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

சிரிப்பு இல்லை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இரண்டு பேர் ஜன்னல் வழியாக மழைமேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை சார், ஆனால் ஏன் அப்படிப் பாடுகிறார்கள் என்று தெரிகிறது" என்றாள். எனக்கு அது போதும். கடைசி பெஞ்சுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், நடுவில் அந்த அம்மா மூச்சு இழுப்பது கேட்கிறது, அதை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னான். போட்டேன். இரைச்சலுக்கு நடுவே, உச்சிக்கு ஏறுவதற்குச் சற்று முன்னால், ஒரு சின்ன மூச்சு. பல வருடமாக இந்தப் பாட்டைக் கேட்டு வருகிறேன், அது என் காதில் பட்டதே இல்லை.

பள்ளி விட்டதும் வாசலில் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். முதல் பெஞ்சுப் பெண்ணின் ஆத்தா. கவலைப் பாட்டுச் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது போலும். இங்கே வந்து பாடச் சொன்னால் தமக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாளைக்குக் காளிங்கராயன் வாய்க்காலுக்குக் கீழே மஞ்சள் காட்டில் களை எடுப்பாம், எட்டுப் பெண்கள் வருகிறார்களாம். வெயில் ஏறுவதற்கு முன்னால், ஏழு மணிக்கு வந்தால் கேட்கலாம் என்றார்.

எத்தனை பிள்ளைகளை அழைத்து வரலாம் என்று கேட்டேன்.

"எத்தனை பேர் வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள். ஆளுக்கொரு களைக்கொத்து எடுத்துவரச் சொல்லுங்கள்" என்றார்.