அக்குளில் கிடைக்காத நரம்பு

சென்ற ஆண்டு எங்கள் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் வகுப்பில், தானமாக வந்த உடலின் அக்குள் பகுதியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த மேசையிலிருந்து ஒரு மாணவி, "மேடம், மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பைக் காணவில்லை, நான்தான் அறுத்துவிட்டேனா?" என்று பதற்றத்தோடு அழைத்தாள். ஃபோர்செப்ஸை வாங்கிக் கொழுப்பை மெல்ல ஒதுக்கிப் பார்த்தேன். பைசெப்ஸ் போன்ற மேற்கைத் தசைகளை இயக்கும் அந்த நரம்பு துளைத்துச் செல்ல வேண்டிய, மேற்கையின் உட்புறமுள்ள கோராகோபிரேக்கியாலிஸ் தசையில் துளையே இல்லை. கையின் நடுவே ஓடும் மீடியன் நரம்பிலிருந்து பிரிந்த மெல்லிய கிளைகள் நேரே பைசெப்ஸுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. அவள் எதையும் அறுக்கவில்லை. உடல்தானம் செய்த அந்தப் பெரியவருக்கு அந்த நரம்பு தனியாக அமையவே இல்லை.

உடற்கூறியலை எப்படிக் கற்பிப்பது என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது. மனித உடலைத் திரையில் காட்டும், எங்கள் துறையிலுள்ள தொடுதிரை மேசை, ரத்தக்குழாய்களை அடுக்கடுக்காகக் காட்டுவதிலும், குறுக்குவெட்டுத் தோற்றத்தை சி.டி. படத்தோடு இணைத்துப் புரியவைப்பதிலும் மிகச் சிறந்தது. ஆனால் அதில் அந்த நரம்பு எத்தனை முறை திறந்தாலும் அதே இடத்தில்தான் இருக்கும்.

1836ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா உடலை அறுத்துக் காட்டியதிலிருந்து நம் நாட்டில் தொடரும் முறையை, பிரிட்டனின் பெனின்சுலா மருத்துவக் கல்லூரி 2002இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது முற்றிலும் கைவிட்டு, உயிருள்ள உடலின் மேற்பரப்பையும் ஸ்கேன் படங்களையும் கொண்டு கற்பித்தது. அல்ட்ராசவுண்டில் துடிக்கும் தமனியைப் பார்க்கும் மாணவர் அதை மறப்பதில்லை என்பதால், அந்த வழியை நான் குறைத்து மதிக்கவில்லை. குந்தர் வான் ஹாகென்ஸ் 1977இல் உருவாக்கிய பிளாஸ்டினேஷன் (உடலின் நீரையும் கொழுப்பையும் நீக்கிப் பிளாஸ்டிக் ஏற்றும் முறை) மாதிரிகளும், சடலம் கெடாமல் காக்கும் ஃபார்மலினின் நெடியின்றிக் கையாளத்தக்கவை. எனினும் நரம்புக்கும் தசைநாணுக்கும் உள்ள வேறுபாட்டை விரல் உணர வேண்டுமென்றால் அந்த விறைத்த மாதிரி போதாது.

நேரம்தான் பெரும் நெருக்கடி. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997 விதிமுறைகளில், உடற்கூறியல் அடங்கிய எம்.பி.பி.எஸ். முதலாம் கட்டப் படிப்பு பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகச் சுருங்கியது. 2019இல் வந்த திறன்சார் பாடத்திட்டம், சடலத்தை முதல் ஆசிரியராக மதிக்கும் பாடத்தைச் சேர்த்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. ஆனாலும் உடல் முழுவதையும் மாணவர்களே பிரிப்பதற்கான காலம் இப்போது இல்லை.

ஆகவே கைகால்களையும் மார்பையும் மாணவர்களே பிரிக்கட்டும் என்று வைத்துக்கொண்டு, இடுப்புக்குழி, தாடைக்குப் பின்னுள்ள ஆழ்பகுதி போன்றவற்றை நாங்கள் முன்கூட்டியே பிரித்து வைத்துக் காட்டுகிறோம். தொடுதிரை மேசைக்கு அவர்களை அழைத்துச் செல்வது அதன் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிப் பார்த்த ஆண்டில், திரையில் கண்ட படத்தையே உடலிலும் தேடி, அது கிடைக்காதபோது உடல்தான் தவறு என்று பலர் எண்ணினார்கள்.

அந்த மீடியன் நரம்பின் கிளைகளைச் சுற்றி மாணவி மஞ்சள் நூல் கட்டி வைத்தாள். மறுநாள் மற்ற மேசை மாணவர்கள் அனைவரும் ஒவ்வொருவராக வந்து, அந்த நூலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தங்கள் மேசைக்குத் திரும்பி கோராகோபிரேக்கியாலிஸை மறுபடி தேடத் தொடங்கினார்கள்.