நிற்பார் என்று சொன்னேன்

“சைக்கிள்காரர் நிற்பார், ஐயா.”

இந்த மூன்று சொற்களைச் சொன்னது நான்தான். சொல்லி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சாலை வேலை முடிந்து, பஸ்களும் சைக்கிள்களும் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனாலும் புதிய வரைபடம் எதையாவது விரித்தால் அந்தப் பதில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கேட்டவர் பார்வையற்றவர். மக்களுக்குக் காட்டுவதற்காக ஒரு காலி இடத்தில் பஸ் நிறுத்தத்தை நிஜ அளவிலேயே சுண்ணாம்புக் கோடுகளால் வரைந்திருந்தோம். நடைபாதை, அதையொட்டிச் சைக்கிள் பாதை, அதற்கு அப்பால் பயணிகள் ஏறி இறங்கும் மேடை, பிறகு பஸ் தடம். அவர் கைத்தடியால் தரையைத் தடவியபடி வந்து, “கோடு எங்கே தம்பி?” என்று கேட்டார். கோட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். சுண்ணாம்பு தடிக்குத் தட்டுப்படாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. உடன் வேலை செய்யும் பெண் ஓடிப்போய் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து கோட்டின் மேல் கிடத்தினார். தடியின் நுனி கயிற்றில் இடித்தது. அவர் நின்றார்.

“இத்தனை நாளும் பஸ்ஸைவிட்டு இறங்கினால் நடைபாதைக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம். இனிமேல் இறங்கிய பிறகும் ஒரு பாதையைக் கடக்க வேண்டும். பஸ் வந்தால் சத்தம் கேட்கும். சைக்கிள் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?”

அப்போதுதான் அதைச் சொன்னேன். “நிற்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கடக்கும் இடத்தில் வரிக்கோடுகள் இருக்கும், பலகை இருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வடிவமைப்பு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. பஸ்ஸும் சைக்கிளும் ஒரே ஓரத்தில் ஓடும் சாலையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கதைதான். பஸ் சைக்கிளை முந்திச் சென்று ஓரம் கட்டும். சைக்கிள்காரர் அதைச் சுற்றிக்கொண்டு கார்களுக்கு நடுவே போவார். பஸ் கிளம்பி மறுபடியும் அவரை உரசிக்கொண்டு முந்தும். சைக்கிள் பாதையை மேடைக்குப் பின்னால் திருப்பிவிட்டால் இந்த ஆபத்து வேரோடு போய்விடுகிறது. பஸ்ஸும் தன் தடத்திலேயே நின்று கிளம்பலாம். போக்குவரத்துக்குள் மீண்டும் நுழையக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. எத்தனையோ பேரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

ஆனால் அவர் கேட்டது அதையல்ல. இரண்டு மீட்டர் அகலப் பாதையைக் கடக்க அவருக்கு இரண்டு நொடியாவது வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் அந்த இரண்டு நொடியில் 11 மீட்டர் வந்துவிடும். பக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்போது 11 மீட்டர் தள்ளி வரும் சங்கிலிச் சத்தம் யார் காதில் விழும்? இந்தக் கணக்கு எனக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டேதான் ‘நிற்பார்’ என்றேன்.

டென்மார்க்கில் மேடை இல்லாத நிறுத்தங்களில் பயணிகள் நேராகச் சைக்கிள் பாதையில்தான் இறங்குவார்கள். அங்கே சைக்கிள்காரர் நின்று வழிவிட வேண்டும் என்பது விதி. பல தலைமுறையாகச் சைக்கிள் ஓட்டிப் பழகிய ஊர்கள் அவை. அங்கிருந்து நான் பாதையை எடுத்துக்கொண்டேன். அந்தப் பழக்கத்தை எந்தத் தாளில் வரைவது?

1997-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட ‘விஷன் ஜீரோ’ கொள்கையை இளம் பொறியாளர்களுக்கு நானே விளக்கிச் சொல்வேன். மனிதர் தவறு செய்வார். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது வடிவமைப்பவரின் பொறுப்பு. கார் ஓட்டுபவர் கவனமாக இருப்பார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சைக்கிள் என்றதும் அந்த வார்த்தை என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அவர் கேட்ட பிறகு நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடக்கும் இடத்தில் சைக்கிள் பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினோம். ஏற்றம் வந்தால் வேகம் குறையும். காலுக்கும் தடிக்கும் தட்டுப்படும் புடைப்பு ஓடுகளைப் பதித்தோம். மேடையைத்தான் அகலப்படுத்த முடியவில்லை. இரண்டரை மீட்டர் வேண்டும் என்று எழுதியிருந்தேன், 1.8 மீட்டர்தான் கிடைத்தது. எதிர்ப்பக்கம் கார் நிறுத்தும் வரிசையை எடுத்திருந்தால் வேண்டிய இடம் கிடைத்திருக்கும். அதை எடுக்கக் கூடாது என்று முடிவான கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. மொத்தத் திட்டமே நின்றுபோகும் என்று பயந்தேன். அந்தப் பயம் நியாயமானது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

இதில் இன்னொரு உறுத்தலும் உண்டு. மேடை அகலமாக இருந்திருந்தால் அவருடைய கேள்வி தீர்ந்திருக்குமா? அவர் நின்று காது கொடுக்க இடம் கிடைத்திருக்கும். கடக்கும் அந்த இரண்டு நொடி அப்படியேதான் இருந்திருக்கும். எழுபது சென்டிமீட்டரைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது, பழியைக் கூட்டத்தின் மேல் போட்டுவிட வசதியாக இருப்பதால்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

வேறொரு சாலையின் வரைபடம் இப்போது மேசையில் இருக்கிறது. அதில் ஆறு நிறுத்தங்கள். இந்த முறை முதலிலேயே கயிறு கட்டித்தான் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அவரையும் அழைக்கச் சொன்னார் அந்தப் பெண். தொலைபேசி எண் இருக்கிறது. இன்னும் பேசவில்லை. வந்தால் அதே கேள்வியைத்தான் கேட்பார்.