மகிந்திராவின் தார் ஜீப் மாதிரி ஒன்று வருகிறது. அதில் லோ, அதாவது வண்டியை மெதுவாக, ஆனால் அதிக பலத்தோடு நகர்த்தும் இரண்டாவது கியர் பெட்டி, இருக்குமா?

எங்கள் ஜீப்பின் ஆர்.சி. 2027இல் முடிகிறது. 1997 மாடல் எம்எம்540, பியூஜோ டீசல் இன்ஜின், நாலு கியர். பதினைந்து வருடம் ஓடியபின் 2012இல் புதுப்பித்தோம். பிறகு 2017, 2022. இந்த முறை புதுப்பிக்க வேண்டாம், புது வண்டி பார் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். போடியிலிருந்து மெட்டு ஏறிப் பூப்பாறைப் பக்கம் இருக்கும் ஏலத் தோட்டத்துக்கு வாரம் மூன்று நாள் போய்வர வேண்டும். மெட்டு ரோட்டில் எந்தக் காரும் போகும். பிரச்சினை தார் ரோடு முடிந்தபின் வரும் ஒன்றரைக் கிலோமீட்டரில்தான்.

அதனால்தான் மகிந்திராவின் விஷன் டி பற்றி வந்த ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 15 அன்று மும்பையில் விஷன் டி, விஷன் எஸ், விஷன் எஸ்எக்ஸ்டி, விஷன் எக்ஸ் என்று நான்கு மாதிரி வண்டிகளைக் காட்டினார்கள். நான்குக்கும் அடித்தளம் ஒன்றே, நூ ஐக்யூ என்று பெயர். 2027இலிருந்து விற்பனைக்கு வரும் என்றார்கள். என் ஆர்.சி. முடியும் அதே வருடம். டி என்ற எழுத்தைப் பார்த்ததும் தார் என்று ஊரே படித்துவிட்டது. நானும் அப்படித்தான் படித்தேன்.

அன்று கொடுத்த அளவுகள் இவை: நீளம் 3,990 முதல் 4,320 மி.மீ. வரை, வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம்) 2,665, கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடைவெளி) 227. முன்சக்கர இழுவையும் உண்டு, நாலு சக்கரமும் இழுக்கும் ஆல் வீலும் உண்டு. பெட்ரோல், டீசல், ஹைப்ரிட், மின்சாரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சேஸ். சேஸ் என்று வாய்ப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். தனியாக இரும்புச் சட்டம் கிடையாது, பாடியும் அடியும் ஒன்றாகவே அமைந்த மோனோகாக்.

இந்த எண்களை நான் எங்கள் பாதையில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முந்தின வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஓடைக்குக் கட்டிய கல்சுவர். போன வாரம் இரும்பு டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். குறுகலான இடத்தில் 2 மீட்டர் 5 சென்டிமீட்டர். பாறையில் இடுப்பளவு உயரத்தில் எங்கள் ஜீப்பின் பச்சைப் பெயிண்ட் ஒரு கோடாக ஒட்டியிருக்கிறது. அப்பா ஓட்டிய காலத்தில் உரசியது. அதன்மேல் பாசி படர்ந்து இப்போது எது பெயிண்ட், எது பாசி என்று கிட்டப் போனால்தான் தெரியும். இந்த இடைவெளியில் மாருதி ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ. என்றால், கண்ணாடிகளை மடித்துவிட்டால் 40 சென்டிமீட்டர் மிச்சம். மூன்று கதவு தார் 1,820, மிச்சம் 23. ஐந்து கதவு தார் ராக்ஸ் 1,870. பக்கத்துக்கு 9 சென்டிமீட்டர். மழை பெய்து பின்பக்கம் வழுக்கும் நாளில் 9 சென்டிமீட்டர் என்பது ஒன்றுமேயில்லை.

விஷன் டி எவ்வளவு அகலம் வரும்? மகிந்திராவின் சின்ன வண்டியான 3எக்ஸ்ஓவே 1,821 மி.மீ. இருக்கிறது. இன்றைக்கு வாங்குகிறவர்கள் பின் சீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார வேண்டும் என்கிறார்கள். அதனால் 1,820க்குக் கீழே இறங்காது என்பது என் கணிப்பு. 1,850ஐத் தாண்டினால் எனக்குச் சரிவராது.

வளைவு தாண்டி நூறடியில் ட்ரைவர்கள் ‘திமில்’ என்று சொல்லும் இடம். மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் அரித்து, நடுவே பாறை காளைத் திமில் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. முன்சக்கரம் ஏறி இறங்கிவிடும், பின்சக்கரம் இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் வயிறு தட்டும். போன தீபாவளிக்கு மச்சான் தன் நீளமான ஐந்து கதவு வண்டியைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. “ஃபோர் வீல் இருக்குல்ல மாப்ள, பாத்துக்கலாம்” என்று ஏற்றினார். நாலு சக்கரத்துக்கும் பிடிப்பு இருந்தும் பிரயோஜனம் இல்லை. வண்டியின் பாரம் முழுக்கப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. சாரலில் நனைந்துகொண்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் பலகை சொருகி எடுக்க ஒன்றரை மணி நேரம்.

இதில் கிரவுண்ட் கிளியரன்ஸ் ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். திமிலில் பேசுவது கிளியரன்ஸும் வீல்பேஸும் சேர்ந்து தரும் கோணம். தாருக்கு வீல்பேஸ் 2,450, அந்தக் கோணம் ஏறக்குறைய 27 டிகிரி. ராக்ஸுக்கு 2,850, கோணம் ஏறக்குறைய 24. விஷன் டியின் 2,665 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அப்படியானால் 25 வருமா? வரலாம், ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தார் போன்ற வண்டியில் கிளியரன்ஸ் அளப்பது பின் ஆக்சிலில் பல்சக்கரங்களை மூடித் தொங்கும் ஹவுசிங்குக்குக் கீழே. நடு வயிறு அதைவிட உயரத்தில் இருக்கும். மோனோகாக்கில் அந்த ஹவுசிங் கிடையாது. சைலன்சர் குழாயோ பேட்டரிப் பெட்டியோ நடுவிலேயே தாழ்ந்து இருந்தால், அதே 227 மி.மீ. திமிலில் 20 டிகிரிக்குள் முடங்கிவிடும். வீல்பேஸையும் கிளியரன்ஸையும் வைத்து வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 19 சொச்சம்தான் வந்தது. காகிதத்தில் தாரைவிட ஒரு மில்லிமீட்டர் அதிகம், பாதையில் எட்டு டிகிரி குறைவு என்றாகிவிடும்.

டொயோட்டா 2025 அக்டோபரில் லேண்ட் க்ரூஸர் எஃப்ஜேயைக் காட்டியபோது நான் முதலில் தேடியதும் வீல்பேஸைத்தான். வண்டி நீளம் 4,575, ஆனால் வீல்பேஸ் 2,580. பெரிய அண்ணனான லேண்ட் க்ரூஸர் 250ஐவிட 270 மி.மீ. குறைத்திருக்கிறார்கள். தனி இரும்புச் சட்டமும் உண்டு, வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் பார்ட் டைம் ஃபோர் வீலும் உண்டு. எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்து செய்த வேலை.

இனி லோ.

எனக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தோட்டத்து ட்ரைவர் அண்ணன். எட்டு மூட்டை பச்சைக் காய் பின்னால் இருக்கும். ஸ்டோருக்கு இறங்கும் சரிவு செம்மண், மழையில் வெண்ணெய். முதல் நாள் நான் பிரேக்கை மிதிக்க, சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. அவர் என் காலைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “பிரேக்க மறந்துரு தம்பி. லோவுல ஃபர்ஸ்ட் போட்டுட்டு ஸ்டியரிங்க மட்டும் பிடி. அது பாட்டுக்கு இறங்கும்.” குட்டி லீவரைப் பின்னால் இழுத்ததும் கியர்பாக்ஸிலிருந்து எழும் அந்த முனகல் சத்தம், ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி இறங்குவது, இரண்டும் என் காலுக்கும் காதுக்கும் இன்றுவரை பழக்கம். தாரில் அந்த லோ, சக்கரத்துக்குப் போகும் திருகுவிசையைக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்காக்கும். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் எங்களுக்கு அது தேவை.

ஆல் வீல் என்று சொல்லப்படும் வண்டிகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது பெட்டி இருப்பதில்லை. முன்சக்கரம் வழுக்கும்போது ஒரு கிளட்ச் இறுகிப் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் பலத்தை அனுப்பும். நண்பர் ஒருவரின் ஆல் வீல் வண்டி, பெயர் வேண்டாம், ஸ்டோர் ஏற்றத்தில் பாதிவரை நன்றாகத்தான் வந்தது. பிறகு அந்தக் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின்சக்கரம் ஓய்ந்துவிட, முன்சக்கரம் மட்டும் சேற்றை வாரியடித்தது. ஆறட்டும் என்று இருபது நிமிடம் அட்டைப்பூச்சிக் கடியில் நின்றோம்.

மும்பையில் ஆல் வீல் என்றுதான் சொன்னார்கள். அதனால் விஷன் டியில் லோ இருக்காது என்று என் மனம் சொல்கிறது. சொல்லும்போதே வருத்தமாக இருக்கிறது. காரணம், வரிக் கணக்கு இந்த வண்டிக்குச் சாதகமாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். இந்த நாலு மீட்டர் கோடு 2006 பட்ஜெட்டில் போட்டது. கோட்டைத் தாண்டினால் 40. தார் ஃபோர் வீல் நீளத்தில் 3,985தான், ஆனால் டீசல் இன்ஜின் 2.2 லிட்டர். ஜிம்னியும் அதே 3,985, ஆனால் பெட்ரோல் 1,462 சிசி. ஃபோர்ஸ் கூர்க்காவின் டீசல் 2.6 லிட்டர். நான் வாங்க நினைக்கும் லோ உள்ள வண்டி மூன்றும் 40இல் விழுகின்றன. தாரில் 1.5 டீசல் உண்டு, 300 நியூட்டன் மீட்டர் திருகுவிசை, 18இல் வரும். ஆனால் அதற்குப் பின்சக்கர இழுவை மட்டும்.

3,990 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போனது இதனால்தான். கோட்டுக்கு 10 மி.மீ. உள்ளே நிற்கிறது. அதே 1.5 டீசலைப் போட்டு, ஆல் வீல் கொடுத்து, லோ பெட்டி ஒன்றையும் வைத்தால், ஏலத் தோட்டக்காரன் வாங்கக்கூடிய விலையில் ஒரு நிஜமான ஜீப் கிடைத்துவிடும்.

லோ இல்லாமல் செய்ய இன்னொரு வழி உண்டு. பின் ஆக்சிலில் மின்மோட்டார் வைத்தால், சக்கரம் அசையத் தொடங்கும் நொடியிலேயே முழுத் திருகுவிசை கிடைக்கும். ஏற்றத்துக்கு அது போதும். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகும், அதில் வரும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். ஆனால் எங்களுக்குச் சரிவு தொடங்குவது மேலே தோட்ட வீட்டு வாசலில். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுக் காலையில் இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டாரும் பிடிக்காது. எண்பது சதவீதத்தில் நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். பழகிக்கொள்ளலாம், அண்ணன் சொன்ன பாடத்தை வேறு வார்த்தையில் படிப்பது போல.

என் கணிப்பை எழுதி வைக்கிறேன்: நீளம் 4 மீட்டருக்குள், அகலம் 1,820ஐ ஒட்டி, 1.5 டீசல், விலை உயர்ந்த மாடலில் மட்டும் ஆல் வீல், லோ இல்லை. கடைசி இரண்டு சொல் மட்டும் தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மகிந்திராவின் செங்கல்பட்டு ரிசர்ச் வேலியிலும் செய்யாறு சோதனைத் தடத்திலும் இந்த வேலையைப் பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு ஜூலை மாதம் எங்கள் செம்மண் சரிவைப் பார்க்க வாருங்கள்.

டேப் ஜீப்பின் டேஷ்போர்டு பெட்டியிலேயே கிடக்கிறது. ஷோரூமுக்கு வண்டி வந்த அன்று முதலில் அடியில் படுத்து நடு வயிற்றை அளப்பேன். அப்புறம்தான் உள்ளே ஏறி உட்காருவேன்.