எப்போது நாம் சுவிஸ்காரர்?

சுவிஸில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 10 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கையில் சி அனுமதி, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்க வேண்டும், நாட்டு மொழி ஒன்றை பி1 அளவுக்கு (நடுத்தர நிலை) பேசவும் ஏ2 அளவுக்கு (அடிப்படை நிலை) எழுதவும் தெரிய வேண்டும். மத்திய அரசு, மாநிலம், ஊர்ச்சபை மூன்றும் சம்மதிக்க வேண்டும். இதில் எங்கள் தமிழ் ஆட்கள் பயப்படுவது ஊர்ச்சபைக்குத்தான். லுசேர்ன் பக்கத்து எம்மென் ஊரில் 2000ஆம் ஆண்டு யாருக்குக் குடியுரிமை கொடுப்பது என்று ஊர்மக்கள் வாக்குப்பெட்டி வைத்தே முடிவெடுத்தார்கள். இத்தாலியர்களுக்குக் கிடைத்தது, முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களுக்கு மறுக்கப்பட்டது. காரணம் சொல்லாமல் அப்படி மறுப்பது செல்லாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என்னைவிட மகளை நினைத்துத்தான் எனக்கு ஆற்றாமை. அவள் பிறந்ததே இங்கேதான். தம்பியோடு சண்டை பிடிப்பதும் பேர்ண் மாநிலத்துப் பேச்சு ஜெர்மனில்தான். ஆனால் இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. அவளும் விண்ணப்பம் நிரப்பினாள். தான் பிறந்த ஊரிடமே ஒரு பிள்ளை அனுமதி கேட்க வேண்டியிருப்பது நியாயமே இல்லை.

சுவிஸ் பாஸ்போட்டில் இன்னொரு விசேஷம், அதில் பிறந்த இடம் இருக்காது. பூர்வீக ஊர்தான் இருக்கும். குடியுரிமை பெற்றவர்களுக்கு, அதைத் தந்த ஊரே பூர்வீகம். பருத்தித்துறையில் பிறந்த எனக்கு பேர்ண் மாநிலத்துக் கிராமம் ஒன்று பூர்வீகமாகிவிட்டது. "அப்ப எங்கட ஊர்?" என்று அம்மா போனில் கேட்டார். என்ன விளக்கியும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

ஆனால் பாஸ்போட் வருவதற்கு வெகு முன்பே நான் இந்த ஊர்க்காரன்தான். எண்பதுகளில் வந்தவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், வரி கட்டினார்கள், பிள்ளைகளை இங்கத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். ஓர் ஊரின் நல்லது கெட்டது நம்மைப் பாதிக்கிறது, அதற்காக நாமும் உழைக்கிறோம் என்றால், அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொள்ள யாரிடமும் கேட்கத் தேவையில்லை. சட்டம் தருவது வாக்குரிமை. அதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். நொயெசாத்தல் போன்ற சில மாநிலங்களில் வெளிநாட்டவரும் ஊர்த் தேர்தலில் வாக்களிக்கலாம், பேர்ணில் முடியாது.

இப்போது ஊர்க்கூட்டங்களைத் தவறவிடுவதில்லை. போன கூட்டத்தில் வரியைக் கூட்டும் யோசனையை எதிர்த்துப் பேசினேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து, பள்ளிக்கூடத்தைத் திருத்தக் காசு எங்கிருந்து வரும் என்று என்னைக் கேட்டார். சரியான கேள்விதான். கை உயர்த்தும்போது அவர் பக்கமே வென்றது.